நிபோங் திபாலிலிருந்து தெலுக் பஹாங்குக்கு ஒரு நாள்: முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பக்கத்திலுள்ள நிபோங் திபாலைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாழும் நமக்குப் பினாங்குத் தீவு புதிய ஊரன்று. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிறோம்; தீபாவளிக்குத் துணி எடுக்க லிட்டில் இந்தியாவுக்குப் போகிறோம்; உடல்நலம் குன்றினால் பெரிய மருத்துவமனைக்குப் போகிறோம். ஆனால் தீவின் வடமேற்கு மூலையில் காடும் கடலும் சந்திக்கும் தெலுக் பஹாங் வரை போய்வந்தவர்களை எண்ணிப் பார்த்தால் கலிடோனியா, பைராம் தோட்டப் பக்கங்களில் சிலரே இருப்பார்கள். மலையிலிருந்து நீரோடு சறுக்கி வருவதும், மரத்துக்கு மரம் கயிற்றில் நடப்பதும், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட குரங்கை அதன் வீட்டிலேயே பார்ப்பதும் ஒரே நாளில், ஒரே ஊரில் கிடைக்கும் இடம் அது. பொதுப் போக்குவரத்திலேயே போய்வரலாம். ஆனால் நேரத்தைச் சரியாகப் பிரித்துக்கொள்ளாவிட்டால் நாளின் பாதி பேருந்திலேயே கழிந்துவிடும்.

கோயில் இளைஞர் பிரிவினரை முதன்முறை அழைத்துச் சென்றபோது நான் செய்த பெரிய பிழை, பினாங்கு மலை, ஜார்ஜ் டவுன், தெலுக் பஹாங் மூன்றையும் ஒரே நாளில் சேர்த்ததுதான். மலை இரயிலுக்கு வரிசையில் நின்றே காலை முடிந்தது. தெலுக் பஹாங்கை அடைந்தபோது பிற்பகல் மணி மூன்று, வானம் இருண்டிருந்தது, பிள்ளைகள் இரண்டே விளையாட்டுகளோடு திரும்பினார்கள். பினாங்கு மலை தனியே ஒரு நாளைக் கொடுக்க வேண்டிய இடம். அதை இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். இங்கே நான் எழுதுவது தெலுக் பஹாங்குக்கு மட்டுமே.

நாளைத் தேர்ந்தெடுத்தல்

பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகுதி. ஜனவரியும் பிப்ரவரியும் ஒப்பீட்டளவில் வறண்ட மாதங்கள். எந்த மாதமானாலும் இடி மின்னல் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். மின்னல் தொடங்கினால் உயரத்தில் நடக்கும் விளையாட்டுகளை உடனே நிறுத்திவிடுவார்கள். ஆகவே உயரமான விளையாட்டுகளையெல்லாம் நண்பகலுக்கு முன்பே முடித்துக்கொள்ளும்படி நாளை அமைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி விடுமுறையின் முதல் வாரத்திலும் சீனப் புத்தாண்டை ஒட்டிய நாள்களிலும் வரிசைகள் நீளமாக இருக்கும். விடுமுறையின் பிற்பகுதியில் வரும் ஒரு வேலை நாள் கிடைத்தால் அதுவே சிறந்தது. விளையாட்டுப் பூங்காவுக்கும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கும் வாரத்தில் மூடும் நாள் இருக்கக்கூடும். ஆதலால் நாளை உறுதிசெய்யும் முன்னர் இரண்டின் அதிகாரப்பூர்வப் பக்கத்தையும் பாருங்கள். நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிட்டால் வாசலில் நிற்கும் நேரமாவது மிச்சமாகும். மலேசியர்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதால் பெரியவர்கள் தங்கள் அடையாள அட்டையான மைகார்டையும் பிள்ளைகளுக்கு அவர்களுடைய அடையாள அட்டையான மைகிட்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

யார் எங்கே போவது

வீட்டிலிருந்து புறப்படும் முன்பே முடிவு செய்ய வேண்டியது இதுதான். தெலுக் பஹாங்கில் ஒன்றுக்கொன்று அருகில் இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்று, 2012ஆம் ஆண்டு திறக்கப்பட்ட எஸ்கேப் என்னும் வெளிப்புற விளையாட்டுப் பூங்கா. மற்றொன்று எண்டோபியா, 1986ஆம் ஆண்டு பினாங்கு வண்ணத்துப்பூச்சிப் பண்ணையாகத் தொடங்கி, 2016ஆம் ஆண்டு விரிவாக்கப்பட்டு இந்தப் பெயரைப் பெற்றது. இரண்டையும் ஒருவரே ஒரு நாளில் பார்க்க முயன்றால் இரண்டு கட்டணங்களையும் கட்டி, இரண்டிலும் பாதியைத்தான் பார்க்க முடியும்.

என் பரிந்துரை, குடும்பத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்வதே. ஏறவும் குதிக்கவும் விரும்பும் பிள்ளைகளும் அவர்களுக்குத் துணையாக உடல்திறன் உள்ள இரண்டு பெரியவர்களும் எஸ்கேப்புக்குப் போகட்டும். பாட்டி, தாத்தா, கைக்குழந்தையோடு வரும் தாய், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எண்டோபியாவுக்குப் போகட்டும். இருதய நோய், முதுகுவலி, அண்மையில் அறுவைச் சிகிச்சை ஆகியவை உள்ளவர்களும் கருவுற்றிருப்பவர்களும் எஸ்கேப்பின் பெரிய விளையாட்டுகளில் கலந்துகொள்ளக் கூடாது. இதை வாசலில் வந்து பேசினால் மனவருத்தம்தான் மிஞ்சும்.

பிள்ளைகளின் உயரத்தையும் வீட்டிலேயே அளந்துவிடுங்கள். ஒவ்வொரு விளையாட்டுக்கும் குறைந்தபட்ச உயரம் உண்டு. என் தங்கை மகள், வழியெல்லாம் சறுக்கலைப் பற்றியே பேசி வந்தவள், அளவுப் பலகையின் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றாள். குதிகாலை மெல்ல உயர்த்தினாள். பணியாளர் அன்பாகத் தலையசைத்து மறுத்தார். அவர் செய்தது சரியே. அந்தப் பிள்ளையின் முகத்தை நினைத்தால், கதவு நிலையில் ஒரு பென்சில் கோடு போட்டு முன்னமே சொல்லியிருக்கக்கூடாதா என்று இன்றும் வருந்துகிறேன்.

எடுத்துச் செல்ல வேண்டியவை, வீட்டில் விட வேண்டியவை

ஆளுக்கு ஒரு மாற்றுடை, உடலோடு ஒட்டிய நீச்சலுடை, துண்டு, முன்புறம் மூடிய காலணி, நீரில் நனையலாம் என்ற வாருள்ள செருப்பு, ஒன்றரை லிட்டர் தண்ணீர், கொசு விரட்டும் தைலம், கைப்பேசியை நனையாமல் காக்கும் உறை ஆகியவை போதும். பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் நீர் விளையாட்டுக்கு ஏற்றவையல்ல. நனைந்தால் கனக்கும், சறுக்கலில் உராயும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் பின்னால் கட்டும் பட்டை ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

நகையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வளையல், கொலுசு, தொங்கும் தோடு, மோதிரம் எல்லாம் கயிற்றிலும் வலையிலும் மாட்டிக்கொள்ளக் கூடியவை. மாட்டினால் நகை அறுவது மட்டுமன்று, விரலும் காதும் கிழியும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் நம்மிடையே பலர். அது மதிக்க வேண்டிய உணர்வு. அப்படிப்பட்டவர்கள் கழுத்து வரை மூடிய இறுக்கமான நீச்சலுடைக்குள் சங்கிலியை அடக்கிக்கொண்டு, பணியாளரிடம் கேட்டுவிட்டு, அவர் அனுமதிக்கும் விளையாட்டுகளில் மட்டும் கலந்துகொள்ளலாம். பொன்னை நம்பிப் பூட்டுப் பெட்டியில் வைப்பதைவிட, தேவையற்றதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது மேல்.

போகும் வழி

காலையில் புறப்படும் முதல் கொமுட்டர் இரயிலில் ஏறுவதை இலக்காக வையுங்கள். நிபோங் திபாலுக்கு அடுத்துச் சிம்பாங் அம்பாட், புக்கிட் மெர்தாஜாம், புக்கிட் தெங்கா ஆகிய நிலையங்களைக் கடந்து பட்டர்வொர்த்தில் வண்டி நின்றுவிடும் என்பதால் இறங்கும் இடம் தவறிவிடுமோ என்ற அச்சம் வேண்டா. கட்டணம் செலுத்தும் டச் அண்ட் கோ அட்டையில் ஆளுக்கொன்றாக முந்தைய நாளே பணம் ஏற்றி வைத்திருந்தால் இரயிலுக்கும், கடலைக் கடக்கும் படகான பெரிக்கும் உதவும். பேருந்துக்குக் கொஞ்சம் சில்லறையும் கையில் இருக்கட்டும்.

பட்டர்வொர்த்தில் இறங்கியதும் பினாங்கு சென்ட்ரல் என்னும் போக்குவரத்து மையத்தின் வழியாகவே பெரி முனையத்துக்கு நடந்துவிடலாம். 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் புதிய படகுகள் ஓடுகின்றன. கடலைக் கடக்கப் பத்து நிமிடங்கள் ஆகும். நடந்து வருபவர்களும் மோட்டார் சைக்கிளும் மிதிவண்டியும் ஏறலாம். காரை ஏற்ற முடியாது. சிற்றுண்டியை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து கட்டி வந்த இட்லியோ எலுமிச்சைச் சாதமோ இருந்தால் முனையத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவது நல்லது. பூங்காவுக்குள் வெளி உணவைக் கொண்டுபோக இயலாது.

தீவுப் பக்கம் கரையேறியதும் துறைக்கு எதிரிலேயே ரேப்பிட் பினாங்குப் பேருந்து நிலையம் உள்ளது. உங்களுக்கு வேண்டியது 101ஆம் எண் பேருந்து. அது நகரத்தைக் கடந்து, தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் புங்கா, பத்து பெரிங்கி வழியாகக் கடற்கரையை ஒட்டி வளைந்து வளைந்து தெலுக் பஹாங்கை அடையும். ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. வளைவுகளில் வயிற்றைப் புரட்டும் பிள்ளைகளை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். ஏறும்போதே ஓட்டுநரிடம் போகுமிடத்தைச் சொல்லிவிட்டால் இறங்க வேண்டிய நிறுத்தத்தை அவர் காட்டுவார்.

வேன் அமர்த்திப் போகிறவர்களுக்கு வேறொரு வழி உண்டு, அதையே நான் மிகவும் விரும்புகிறேன். பத்து கவானிலிருந்து புறப்படும் இரண்டாம் பாலம் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, ஏறக்குறைய 24 கிலோமீட்டர் நீளமுள்ள பாலம். அதில் பத்து மாவுங் போய்ச் சேர்ந்து, தெலுக் கும்பார், பாலிக் புலாவ் வழியாக மலைச்சாலையில் ஏறினால் நகர நெரிசலைத் தொடாமலே தெலுக் பஹாங்கை அடையலாம். இருபுறமும் டுரியான் தோப்புகளும் கிராம்பு, சாதிக்காய் மரங்களும் வரும். சாலை குறுகலானது, வளைவுகள் கூர்மையானவை. பகலில் மட்டும் இந்த வழியைக் கொள்ளுங்கள்.

முதல் ஒரு மணி நேரம்: காட்டுக்கு

பூங்காக்கள் திறக்கும் முன்பே தெலுக் பஹாங்கை அடைந்துவிட்டால் அந்த நேரத்தை வீணாக்க வேண்டா. ஊரின் சாலை வட்டமான ரவுண்டபவுட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் நேரே போனால் பினாங்கு தேசியப் பூங்காவின் வாசல். 2003ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்தக் காடு, 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ அங்கீகரித்த பினாங்கு மலை உயிர்க்கோளக் காப்பகத்துக்குள்ளும் அடங்கும். வாசலில் பெயரைப் பதிந்து, கட்டணம் செலுத்திவிட்டு உள்ளே போக வேண்டும்.

குரங்குக் கடற்கரைக்கும் கெராச்சுட் கடற்கரைக்கும் போகும் பாதைகள் ஒவ்வொன்றும் மூன்று கிலோமீட்டருக்கு மேல். கெராச்சுட்டில் ஆமைக் காப்பகமும், மழைநீரும் கடல்நீரும் கலவாமல் மேலும் கீழுமாக நிற்கும் அரிய ஏரியும் இருக்கின்றன. இன்று அவற்றுக்கு ஆசைப்படாதீர்கள்; போய்த் திரும்புவதற்குள் விளையாட்டுக்கான காலை கைநழுவிவிடும். கடலை ஒட்டிய தொடக்கப் பாதையில் அரை மணி நேரம் மெல்ல நடந்து, அதே வழியில் திரும்புவதே போதுமானது.

செம்பனை வரிசைகளுக்கு நடுவே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு விலங்கு புதிதன்று. எலியைப் பிடிக்க ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைத்திருப்பதையும், கால்வாய் ஓரத்தில் உடும்பு படுத்திருப்பதையும் பார்த்தே வளர்கிறார்கள். ஆனால் எப்பக்கம் திரும்பினாலும் ஒரே மரம் ஒரே உயரத்தில் நிற்பதைப் பழகிய கண்ணுக்கு, மேலே விதானம், நடுவே கொடி, கீழே வேர் என்று அடுக்கடுக்காக நிற்கும் காட்டில் எங்கே பார்ப்பது என்றே முதலில் தெரியாது. நின்று, பேச்சை நிறுத்தி, கிளை அசையும் இடத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

நாங்கள் அப்படி நின்ற ஒரு காலையில் தலைக்கு மேலே சாம்பல் நிறக் குரங்கொன்று இளந்தளிரைப் பறித்து, முனையை மட்டும் கடித்துவிட்டு, மீதியை எங்கள் முன்னே போட்டது. மலாய்க்காரர்கள் லோதோங் என்று அழைக்கும் குரங்கு அது. கண்களைச் சுற்றியும் வாயைச் சுற்றியும் வெள்ளை பூசியது போல் இருக்கும். அதன் மடியில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டி. தாய்க்கும் பிள்ளைக்கும் சம்பந்தமே இல்லாதது போன்ற நிறம். வளர வளர அந்த நிறம் மங்கிச் சாம்பலாகிவிடும். ரொட்டியும் வாழைப்பழமும் இதற்கு அன்பன்று; இலையைச் செரிப்பதற்கென்றே அமைந்த பல அறை வயிறு அதனுடையது, இனிப்பு அதைக் கெடுத்துவிடும்.

நீண்ட வாலுள்ள பழுப்புக் குரங்கு வேறு இயல்பு கொண்டது. ஆளைக் கண்டால் ஓடாது. பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்து நடந்தால் அதில் உணவு இருப்பதாகவே அது எண்ணும். எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் வையுங்கள். நெருங்கி வந்தால் பல் தெரியச் சிரிக்காமல், கண்ணோடு கண் நோக்காமல், ஓடாமல், மெல்லப் பின்வாங்குங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடல் அழைத்தாலும் இறங்க வேண்டா. இந்தக் கரையோர நீரில் கொட்டும் இழுதுமீன்கள் உண்டு, அவற்றுள் சில கொடியவை.

போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ தெலுக் பஹாங் சாலையின் மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டே வாருங்கள். சாலை காட்டை இரண்டாகப் பிரித்துவிட்டதால் லோதோங்குகள் மின்கம்பியில் நடந்தும் வாகனத்தில் அடிபட்டும் மாண்டன. அதைக் கண்டு வருந்திய பினாங்கு ஆய்வாளர்கள், பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னி 2019ஆம் ஆண்டு ஒரு மரவுச்சிப் பாலம் கட்டினார்கள். தூக்கி எறிய வேண்டிய ஒரு பொருளில் ஓர் உயிருக்கு வழி அமைத்த அந்த வேலையைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் திரும்பாதீர்கள்.

எஸ்கேப்பில்

ரவுண்டபவுட்டிலிருந்து உள்நோக்கிச் செல்லும் சாலையில் முதலில் எண்டோபியாவும் அதற்கு அருகில் எஸ்கேப்பும் வரும். வெயிலில் சிறு பிள்ளைகளோடு நடப்பதைவிட வாடகைக் கார் எடுத்துக்கொள்வது நல்லது.

உள்ளே நுழைந்ததும் பெரும்பாலோர் முதலில் கண்ணில் படும் விளையாட்டில் நின்றுவிடுவார்கள். நீங்கள் நேரே நீண்ட சறுக்கலுக்குப் போங்கள். நண்பகலுக்குள் அங்கேதான் வரிசை நீளும். 1,111 மீட்டர் நீளமுள்ள இந்தச் சறுக்கல், உலகின் மிக நீளமான நீர்ச்சறுக்கல் என்று 2019ஆம் ஆண்டு கின்னஸ் சாதனையில் இடம்பெற்றது. கேபிள் நாற்காலியில் மலைமேல் ஏறி, காற்றடைத்த வளையத்தில் அமர்ந்து காட்டுக்குள்ளேயே வளைந்து இறங்க வேண்டும். அதன் சிறப்பு வேகத்தைவிட நீளத்தில்தான் இருக்கிறது. வளைவுகளுக்கு இடையே நீர் மெல்லத் தள்ளும் இடங்களில் சில்வண்டின் ஒலி கேட்கும். இலை நிழல் முகத்தில் விழுந்து விழுந்து மறையும். கால்களை மடக்காமல், கைப்பிடியை விடாமல், பணியாளர் சைகை காட்டும் வரை புறப்படாமல் இருந்தால் அச்சப்பட ஒன்றுமில்லை.

அடுத்து, நனைந்த உடையை மாற்றிவிட்டுக் கயிற்று நடைக்குப் போகலாம். மரங்களுக்கிடையே வெவ்வேறு உயரங்களில் கயிறும் பலகையும் கட்டிய தொடர் அது. முதன்முறை வருபவர்கள் தாழ்ந்த நிலையில் ஒரு முறை முழுவதும் நடந்து பழகிய பிறகே மேலே ஏற வேண்டும். பாதுகாப்புக் கச்சையை நீங்களே இறுக்கிக்கொள்ளாமல் பணியாளர் ஒருவர் இழுத்துப் பார்க்கும்படி கேளுங்கள். தொடைப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழையும் அளவே இடைவெளி இருக்கலாம். நடுவழியில் கால் நடுங்கினால் கீழே பார்க்காமல் அடுத்த மரத்தைப் பார்த்து மூச்சை இழுத்து விடுங்கள். முடியாவிட்டால் குரல் கொடுத்தால் இறக்கிவிடுவார்கள். அதைப் பார்த்துச் சிரிக்கும் அண்ணன்மார்களை அங்கேயே கண்டித்துவிடுங்கள்.

உயரத்திலிருந்து குதிக்கும் விளையாட்டு, சுவரேற்றம், கயிற்றில் தொங்கிப் பறத்தல் ஆகியவற்றை மழை தொடங்குவதற்குள் முடித்துவிட்டு, உணவுக்குப் பின் குளத்திலும் சிறு சறுக்கல்களிலும் இளைப்பாறலாம். வயிறு நிறைந்தவுடன் பெரிய சறுக்கலுக்குப் போக வேண்டா.

எண்டோபியாவில்

வண்ணத்துப்பூச்சிகள் வெயிலேறும்போது பறக்கும், வானம் மூடினால் இலைக்கடியில் ஒடுங்கிவிடும். ஆகவே பெரியவர்களும் காலையிலேயே உள்ளே போய்விட வேண்டும். மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சியான ராஜா புரூக்கை அங்கே தேடிப் பாருங்கள். கருஞ்சிறகில் பச்சை மின்னும் முக்கோணங்கள் வரிசையாக இருக்கும். வியர்த்த கையை அசைக்காமல் நீட்டினால் சில பூச்சிகள் வந்து அமர்ந்து, சுருட்டி வைத்த உறிஞ்சுகுழலை நீட்டி உப்பைத் தொட்டுப் பார்க்கும். நீங்களாகப் பிடித்தால் சிறகின் பொடி உதிர்ந்துவிடும். படிகளும் ஈரமான பாதைகளும் உண்டு என்பதால் பாட்டியின் கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் எப்போதும் கூடவே இருக்க வேண்டும்.

திரும்புதல்

பிற்பகல் நான்கு மணிக்கு இரண்டு அணிகளும் ஒரே இடத்தில் சந்திப்பதாகக் காலையிலேயே பேசி வையுங்கள். நனைந்த கைப்பேசியை நம்ப முடியாது. மாலையில் பத்து பெரிங்கிச் சாலையிலும் தஞ்சோங் புங்காவிலும் நெரிசல் கூடும் என்பதால் நான்கரைக்கு மேல் தங்குவது சரியன்று. பூங்கா வாசல், பேருந்து, பெரி, இரயில் என நான்கு இடங்களிலும் தலைகளை எண்ண வேண்டும். எண்ணும் பொறுப்பு ஒருவருக்கே இருக்கட்டும், பலர் எண்ணினால் எண்ணிக்கை குழம்பும்.

கடைசி கொமுட்டரின் நேரத்தைக் காலையில் பட்டர்வொர்த் நிலையத்திலேயே படம் பிடித்து வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய வண்டியைப் பிடிக்கவே கணக்கிடுங்கள். நிபோங் திபால் நிலையத்திலிருந்து தோட்டத்துக்குள் இரவில் பேருந்து கிடைக்காது. எத்தனை பேர், எந்த வண்டியில் வருகிறீர்கள் என்பதைப் பெரியில் ஏறும்போதே வீட்டுக்குச் சொல்லிவிட்டால், தூங்கி விழும் பிள்ளைகளைத் தூக்கிப்போக ஆட்கள் நிலையத்தில் காத்திருப்பார்கள்.